எண்டர் தட்டுமுன் வாசிக்கச் சொன்ன தம்பிக்கு

படிப்பகத்துக்குத் தோள் கொடுத்த எல்லாருக்கும் வணக்கம்.

சர்வர் ஓடுகிறது. இரவல் பதிவேடு முழுசாகத் திரும்பிவிட்டது. டேட்டாபேஸ் பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கும் இன்டெக்ரிட்டி செக் ஓட்டியதும் திரையில் 'ஓகே' என்று ஒரே ஒரு வார்த்தை வந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை, நிறைந்துபோன டிஸ்க்கில் பழைய ஃபைல்களை அழிக்கப் போய் பதிவேட்டின் டேட்டாபேஸும் சேர்ந்து அழிந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும், அதை மறுபடி கிளற வேண்டாம்.

முதல் நன்றி நள்ளிரவு தாண்டி வந்த ஒரு வாட்ஸப் செய்திக்கு. "சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணாதீங்க. மெஷினையும் பண்ணாதீங்க. நான் கூப்பிடுறேன்." அவ்வளவுதான் செய்தி. அது வந்தபோது ரீஸ்டார்ட் கட்டளை அடித்துத் தயாராக இருந்தது, எண்டர்தான் பாக்கி. அனுப்பியவர் உறுப்பினர் ஒருவரின் தம்பி. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் இங்கேயும் தம்பிதான்.

ரீஸ்டார்ட் ஏன் கூடாது? அழிக்கும் கட்டளையான ஆர்எம் ஆகட்டும், ஃபைல் தேடும் கட்டளையான ஃபைண்டின் டெலீட் ஆகட்டும், நம் சர்வரில் ஓடும் லினக்ஸில் உடனே போவது ஃபைலின் பெயர் மட்டும். எல்லாப் பெயர்களும் போய், அதைத் திறந்து வைத்திருக்கும் கடைசி புராசஸும் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) மூடிய பிறகுதான் ஐநோடும் (ஃபைலின் விவரக் குறிப்பு) பிளாக்குகளும் (டேட்டா இருக்கும் டிஸ்க் துண்டுகள்) விடுபடும். மற்ற நாட்களில் இது பெரிய தொல்லை. 20 ஜிபி லாக் ஃபைலை (சர்வரின் நிகழ்வுக் குறிப்பு) அழித்த பிறகும், டிஸ்க் எவ்வளவு நிறைந்தது என்று காட்டும் டிஎஃப் அதே 100 சதவீதத்தில் நிற்கும், பெயருள்ள ஃபைல்களைக் கூட்டும் டியு மட்டும் குறைத்துக் காட்டும். அன்றைக்கு அந்தத் தொல்லைதான் பதிவேட்டைக் காப்பாற்றியது. ரீஸ்டார்ட் செய்திருந்தால், டேட்டாபேஸைத் திறந்து வைத்திருந்த படிப்பக ஆப்பின் கடைசிப் பிடியும் விட்டுப் போயிருக்கும். எக்ஸ்ட்4 என்ற ஃபைல் சிஸ்டத்தில் ஃபைல் நிஜமாகவே போகும்போது ஐநோடில் உள்ள பிளாக் விவரமும் துடைக்கப்படும். எஸ்எஸ்டி என்றால், காலி பிளாக்குகளைத் துடைக்கச் சொல்லி வாரம் ஒரு முறை ஓடும் டிரிம் டைமர் மிச்சத்தையும் முடித்துவிடும்.

தம்பி போனில் வந்ததும் போட்ட முதல் நிபந்தனை: "அடிங்க, ஆனா எண்டர் தட்டாதீங்க. எனக்கு வாசிச்சுக் காட்டிட்டுத் தட்டுங்க." யார் அழித்தது, எப்படி அழித்தது என்று அன்றிரவு ஒரு தடவைகூட அவர் கேட்கவில்லை. பாஸ்வேர்டும் கேட்கவில்லை.

திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையோடு கூட்டல் குறி, பெரிய எல், 1 சேர்த்து ரூட்டாக (முழு உரிமையுள்ள நிர்வாகிக் கணக்கில்) ஓட்டச் சொன்னார். பெயர் போயும் திறந்தே இருக்கிற ஃபைல்களை மட்டும் அது பட்டியலிடும். டேட்டாபேஸ் அதில் இருந்தது, பெயருக்குப் பக்கத்தில் 'டெலீட்டட்' என்ற குறிப்போடு. எஃப்டி பத்தியில் 7யு. 7 என்பது திறந்த ஃபைலுக்கு அந்தப் புராசஸ் வைத்திருக்கும் எண், யு என்றால் படிக்கவும் எழுதவும் திறந்திருக்கிறது என்று அர்த்தம். பதிவேடு இருக்கும் எஸ்கியூலைட் டேட்டாபேஸின் கனெக்‌ஷனை ஆப் திறந்தே வைத்திருந்தது நம் அதிர்ஷ்டம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் திறந்து மூடும் ஆப்பாக இருந்திருந்தால் எடுக்க ஒன்றுமே இருந்திருக்காது.

அடுத்து, நகல் எடுக்கும்போது யாரும் எழுதக் கூடாது. அதற்கு கில் கட்டளையின் ஸ்டாப் சிக்னல். அது புராசஸைக் கொல்லாது, உறைய வைக்கும். நம் ஆப்பை ஓட்டும் கூனிகார்னில் ஒரு மாஸ்டரும் அதன் கீழ் வேலை செய்யும் ஒர்க்கரும் உண்டு. ஒர்க்கரிலிருந்து ஆரம்பிக்கப் போனோம். "மாஸ்டரை முதல்ல நிறுத்துங்க" என்றார். கூனிகார்னில் ஒர்க்கர் 30 வினாடி மூச்சு விடாமல் இருந்தால் மாஸ்டர் அதைக் கொன்றுவிட்டுப் புதியதைக் கிளப்பும். யாரும் மாற்றியிருக்காவிட்டால் கணக்கு அதுதான். கொன்றால் ஃபைலும் போச்சு. சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியின் யூனிட்டில் வாட்ச்டாக் (பதில் வராவிட்டால் ரீஸ்டார்ட் செய்யும் காவல்) இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னார். இல்லை. காலை 6 மணிக்கு மேல் ஓடி மென்பொருள்களைத் தானாகப் புதுப்பிக்கும் ஏப்ட் அப்கிரேட் டைமரையும் நிறுத்தி வைத்தோம். அது சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யக்கூடும் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

பிறகு நகல். மூலம் /ப்ராக்/பிஐடி/எஃப்டி/7 (ஓடும் புராசஸின் திறந்த ஃபைல்களைக் காட்டும் பாதை, பிஐடி என்பது புராசஸின் எண்), போய்ச் சேரும் இடம் வெளி ஹார்ட் டிஸ்க். அதே டிஸ்க்கில் எழுதினால் அழிந்துபோன மற்ற ஃபைல்களின் பிளாக்குகள் மேல் ஏறிவிடும். கைப்பழக்கத்தில் நகல் கட்டளையான சிபி-க்குப் பின்னால் மைனஸ் ஏ போட்டிருந்தோம். வாசித்துக் காட்டியதும் நிறுத்தினார். "அந்த ஏ வேண்டாம்." ப்ராக்கில் நம் கண்ணுக்குத் தெரிவது ஒரு சிம்லிங்க், அதாவது ஃபைலைச் சுட்டும் பெயர் மட்டும். மைனஸ் ஏ போட்டால் சிபி அந்த லிங்க்கை மட்டும் நகலெடுத்துவிட்டு, எங்கேயும் போய்ச் சேராத ஒரு பெயரைக் கையில் கொடுக்கும். வெறும் சிபி போட்டால்தான் உள்ளே இருக்கும் டேட்டா வரும்.

வால் என்று வாசிக்கிற டபிள்யூஏஎல் ஃபைலையும் அதே மாதிரி எடுத்தோம். எஸ்கியூலைட்டில் கடைசியாகச் செய்த மாற்றங்கள் தங்கியிருக்கும் இடம் அதுதான். தமிழில் சொன்னாலும் பெயர் பொருந்துகிறது, டேட்டாபேஸ் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிற வால். பெயர் சரியாக ஒட்டாவிட்டால் எஸ்கியூலைட் அதைக் கண்டுகொள்ளாது. எஸ்எச்எம் என்ற துணை ஃபைல் இல்லாவிட்டால் பரவாயில்லை, தானே உருவாக்கிக்கொள்ளும். எல்எஸ்ஓஎஃப் காட்டிய அளவும் நகலின் அளவும் பைட்டுக்கு பைட் ஒத்துப்போன பிறகு, அந்த நகலுக்கும் ஒரு நகல் எடுத்து, இரண்டாவதை மட்டும்தான் திறந்தோம். திறந்த உடனேயே வாலில் இருப்பது டேட்டாபேஸுக்குள் போக ஆரம்பிக்கலாம் என்பதால். 'ஓகே' வந்த பிறகுதான் ஆப்பை நிறுத்தினோம்.

போன் வைக்கும்போது தம்பி சொன்னது: "டீ குடிச்சுட்டு அப்புறமா நகலைப் பழைய இடத்துக்கு மாத்துங்க. இப்ப அவசரம் இல்லை."

மற்ற எல்லாருக்கும் சேர்த்தே ஒரு நன்றி. டிஸ்க் நிறைந்ததாகக் காட்டினால் ஐநோடு தீர்ந்திருக்கிறதா என்று டிஎஃப் மைனஸ் ஐ போட்டுப் பார்க்கச் சொன்னவர், சிஸ்டம் குறிப்புகளான ஜர்னல் லாக்கை வேக்யூம் சைஸ் கொடுத்து 500 எம்பி-க்குச் சுருக்கியவர், எக்ஸ்ட்4 ரூட்டுக்கென்று ஒதுக்கும் 5 சதவீதத்தை டேட்டா பார்ட்டிஷனில் மட்டும் ட்யூன்2எஃப்எஸ் கட்டளை கொண்டு 1 ஆக்கலாம் என்றவர், பழைய லாக்கை ஒதுக்கும் லாக்ரொட்டேட்டில், நகலெடுத்துவிட்டு அதே ஃபைலைக் காலியாக்கும் காப்பிட்ரன்கேட் சேர்த்துக் கொடுத்தவர், விடியும்வரை ஃபிளாஸ்க் நிறைய டீ கொண்டுவந்துகொண்டிருந்த அக்கா. யாருடைய உதவியும் சின்னது இல்லை, இடம்தான் சின்னது.

பேக்கப் என்னாச்சு என்று பல பேர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. டிஸ்க் நிறைந்த நாளிலிருந்து, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் ஒவ்வொரு இரவும் ஜீரோ பைட் ஃபைலை எழுதி, முந்தைய நல்ல பேக்கப் மேலேயே ஏற்றியிருக்கிறது. பிழைச் செய்திகள் எல்லாம் ரூட்டின் மெயில்பாக்ஸில் பத்திரமாக இருந்தன, திறந்து பார்க்கத்தான் ஆள் இல்லை. இப்போது எஸ்கியூலைட்டின் பேக்கப் கட்டளையால் தற்காலிகப் பெயரில், வேறு டிஸ்க்கில் எழுதுகிறோம். இன்டெக்ரிட்டி செக் தேறினால்தான் எம்வி (பெயர் மாற்றும் கட்டளை), அதுவும் தேதி போட்ட பெயருக்கு. மாதம் ஒரு முறை பேக்கப்பை வேறொரு மெஷினில் ஏற்றிப் பார்ப்பதாக உங்கள் முன்னால் சத்தியம் செய்கிறோம், மறந்தால் கேளுங்கள். ஃபைண்டில் டெலீட் இனி எப்போதும் வரிசையின் கடைசியில்தான், அதுவும் பிரிண்ட் போட்டுப் பட்டியலைப் பார்த்த பிறகு. ஃபைண்ட் இடமிருந்து வலமாகப் படிக்கும். எத்தனை நாள் பழைய ஃபைல் என்ற நாள்கணக்குக்கு முன்னால் டெலீட் நின்றால் நாள்கணக்கைப் பார்க்குமுன்பே அழித்துவிடும். இது ஏன் இங்கே வருகிறது என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அன்றிரவு யாரோ மேசையில் வைத்துவிட்டுப் போன 1 டிபி கறுப்பு ஹார்ட் டிஸ்க் இன்னும் படிப்பக அலமாரியில் இருக்கிறது. உள்ளே இருந்த உங்கள் கல்யாணப் படங்களைத் தொடவில்லை. நாங்கள் எழுதிய நகல்கள் மட்டும் தனி ஃபோல்டரில் இருக்கின்றன. மாலை 5 மணிக்கு மேல் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.