செங்கோலோடு போன நாயனம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2023 மே மாதம் புதிய நாடாளுமன்றத்தில் செங்கோலை வைத்த பிறகு திருவாவடுதுறை என்ற பெயர் நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் 1947 ஆகஸ்ட் 14 அன்று அங்குள்ள சைவ மடமான ஆதீனத்திலிருந்து போனவர்கள் டெல்லியில் நேருவிடம் அந்தச் செங்கோலைக் கொடுத்தபோது கூடவே போன நாயனத்தை, அதாவது நாதஸ்வரத்தைப் பற்றி யாரும் பேசக் காணோம். வாசித்தவர் ஆதீன வித்வான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. எங்கள் பக்கத்தில் அந்த மடத்தின் பேச்சை எடுத்தால் அடுத்த வார்த்தை அவர் வாசித்த தோடி ராகம்தான்.

தோடியைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று. எனக்குப் பெரிதாகப் படுவது, அவர் கருவியையே மாற்றிக்கொண்டது. முன்பு இருந்தது திமிரி, குட்டையாக இருக்கும், சுருதி உச்சத்தில் நிற்கும், சுத்த மத்தியமம் என்ற ஸ்வரம் அதில் சரியாகப் பேசாது. அவருக்காகப் பக்கத்து ஊரான நரசிங்கன்பேட்டையில் ரங்கநாத ஆசாரி ஆச்சா மரத்தைக் கடைந்து, அளவை மாற்றி மாற்றிப் பார்த்து, நீளமான பாரி நாயனத்தைச் செய்து கொடுத்தார். இன்று எல்லோர் கையிலும் இருப்பது அதுதான். 2022ல் நரசிங்கன்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்புறம் இன்னொன்று, நாயனக்காரர் என்றால் நின்றபடிதான் வாசிக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று சாதித்தவரும் அவரே. அந்த மரியாதை சும்மா வந்ததில்லை.

சம்பந்தர் தம் தந்தையின் வேள்விக்குப் பொன் கேட்டுக் காந்தார பஞ்சமம் என்ற பண்ணில் பதிகம் பாடிய தலமும் இதே திருவாவடுதுறைதான். பண்ணும் நாயனமும் கோயிலை ஒட்டியே வளர்ந்தவை.

ஆனால் எங்கள் ஊர்க் கோயிலில் என்ன நடக்கிறது? நாயனக்காரர் காலமான பிறகு அவர் இடத்துக்கு யாரையும் போடவில்லை. சாயரட்சை என்கிற மாலைப் பூஜைக்கு சுவிட்சைத் தட்டினால் முரசும் மணியும் சேகண்டியும் தானே அடிக்கிற மின்சார மேளம் ஒன்றை மாட்டிவிட்டார்கள், தீபாராதனை முடிவதற்குள் காது அடைத்துப்போகிறது. விடியலில் பூபாளம், சுவாமி புறப்பாட்டுக்கு கம்பீரநாட்டையில் மல்லாரி, பள்ளியறைக்கு நீலாம்பரி என்று சிறுவயதில் நாங்கள் கேட்டு வளர்ந்த கோயில் இது. என் பேத்திக்குத் தெரிந்த கோயில் மேளம் அந்த இயந்திரம்தான். இதைப் பார்க்கும்போது நெஞ்சு வலிக்கிறது. யாரையும் குறை சொல்லிப் பயனில்லை, சரி, ஆனால் ஒரு நாயனக்காரருக்கும் ஒரு தவில்காரருக்கும் சம்பளம் கொடுக்க ஊர் கூடினால் முடியாதா?

மார்கழி வந்தால் சென்னை சபாக்களுக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுக்கிறீர்கள், நானும் விடாமல் படிக்கிறேன். இந்தத் தை மாதம் திருவாவடுதுறை குருபூஜைக்கு ஒரு நிருபரை அனுப்புங்கள். வருகிற வழியில் நாலு கிராமத்துக் கோயில்களிலும் இறங்கி, யார் வாசிக்கிறார்கள், மாதம் என்ன கொடுக்கிறார்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களா என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்