பெயரைப் போடுங்கள்: பாடல் வீடியோ வெளியிடும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய இசை நிறுவனத்தாருக்கு,

வணக்கம். ஆல்பம் பாட்டு இயக்குபவர்களின் பெயர் எப்படிக் காணாமல் போகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் என் தம்பி ஒரு தயாரிப்பாளரிடம் கதை சொல்லப் போனான். இதற்கு முன் என்ன செய்திருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார். தான் இயக்கிய பாட்டை செல்போனில் போட்டுக் காட்டியிருக்கிறான். முழுசாகப் பார்த்தவர், கீழே விரலால் தள்ளித் தள்ளித் தேடினாராம். பாடியவர் பெயர் இருக்கிறது, மிக்சிங் செய்தவர் பெயர் இருக்கிறது, ஷூட்டிங் அன்று பிரியாணி அனுப்பிய கடைக்குக்கூட நன்றி இருக்கிறது. "இதுல உங்க பேரு எங்க தம்பி?" மூன்று ராத்திரி கடற்கரையில் நின்று எடுத்த பாட்டு அது. சாட்சிக்குக் கேமராமேனுக்கு போன் போட்டிருக்கிறான். அவர் எடுக்கவில்லை.

பாட்டு எடுப்பவன்தானே என்று நினைக்கிறீர்கள் போல. ஜலந்தரில் பிறந்த சினிமா இயக்குநர் தர்செம் சிங் பெயர் வாங்கியதே பாட்டு எடுத்துத்தான். 1991 இல் ஆர்.இ.எம். என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் 'லூசிங் மை ரிலிஜன்' வீடியோவில் ஜன்னலோரப் பால் ஜாடி விழுந்து உடையுமே, அது அவர் எடுத்தது. அந்த வருடம் அமெரிக்க இசைச் சேனலான எம்டிவியின் விருதுகள் ஆறு அந்த வீடியோவுக்குக் கிடைத்தன. 2000 இல் 'தி செல்' என்ற முதல் படம். (கதை எனக்குப் பிடிக்கவில்லை, அது வேறு.) அப்புறம் 2006 இல் 'தி ஃபால்': சொந்தப் பணம், நான்கு வருடம், இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள். விளம்பரம் எடுக்கப் போன ஊரிலேயே தன் படத்துக்கும் காட்சிகளை எடுத்துக்கொண்டு வந்தார். இன்று பாட்டு எடுக்கும் பையன்களில் யார் அப்படி வருவார் என்று உங்களுக்குத் தெரியுமா?

அமெரிக்காவிலும் இப்படிப் பெயர் போடும் வழக்கம் சும்மா வரவில்லை. பாட்டின் மூலையில் இயக்குநர் பெயரை எம்டிவி போடத் தொடங்கியதே 1992 இல்தான். டிவி ஓரத்தில் ஒரே ஒரு வரி. உங்களுக்கோ முப்பது ஹேஷ்டேக் போட இடமிருக்கிறது. பெயரைப் போடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

பாட்டு ஓடாவிட்டால் மட்டும் 'டைரக்டர் சொதப்பிட்டார்' என்று பெயர் சரியாக நினைவுக்கு வருகிறது. சம்பளம் கேட்டால், "எக்ஸ்போஷர் கிடைக்கும்" என்கிறீர்கள். பெயரே இல்லாமல் யாருக்கு ஐயா எக்ஸ்போஷர்? பிரியாணிக் கடைக்கா?

மன்னிக்கவும், கேட்க வந்தது சின்ன விஷயம். இனி வரும் பாட்டுகளில் இயக்குநர் பெயரைப் போடுங்கள். வெளிவந்தவற்றிலும் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. தம்பியின் பாட்டில், கடைப் பெயருக்கு அடுத்த வரியில் போட்டாலும் சரி.

இப்படிக்கு,
ஓர் அண்ணன்