கோழைகள் என்று எழுதிவிட்டாயே, சுந்தரம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதத்துக்கு இத்தனை மாதங்கள் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. பாதிக் குற்றம் உன்னுடையது. முழங்கால் வலி தேவலை. வீட்டில் எல்லோரும் நலம். ராமலிங்கம் இரண்டாம் பதிப்புக் கதையை இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான், கேட்பதற்குத்தான் இப்போது ஆளில்லை. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீ போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய்: செக் மக்களின் தாராளவாதக் கட்சிகளைப் போலக் கோழைகளை எங்கும் கண்டதில்லை, வெளிநடப்புச் செய்தே காலத்தைக் கழித்தவர்கள் என்று. அந்த ஒரு வரிக்காக நான் புத்தக அலமாரியையும் நூலகத்தையும் கலைத்துப் போட்டுவிட்டேன். உன் தீர்ப்பில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் நீ அவர்கள்மேல் சாட்டிய குற்றம் தவறானது. அவர்களுக்குத் துணிச்சல் குறையவில்லை, குறைந்தது வேறொன்று.

முதலில் துணிச்சல். நம் தொழிலிலிருந்தே தொடங்குகிறேன். கரெல் ஹாவ்லீச்செக் பத்திரிகையாளர். 1848 புரட்சிக்கு முன், தணிக்கை அதிகாரி மேசைமேல் உட்கார்ந்திருந்த காலத்தில், அயர்லாந்து மக்கள் ஆங்கில ஆட்சியை எதிர்த்த செய்திகளை விரிவாகப் போட்டுவந்தார். அயர்லாந்து என்றால் தங்கள் நாடான போஹீமியா, லண்டன் என்றால் தங்களை ஆண்ட ஆஸ்திரியப் பேரரசின் தலைநகர் வியன்னா என்பதைப் படித்த செக்குக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. புரட்சி அடக்கப்பட்ட பிறகு அவர்மேல் வழக்குகள் போடப்பட்டன. ஜூரிகள் அவரை விடுதலை செய்தார்கள். கடைசியாகக் குட்னா ஹோரா ஊரில் 1851 நவம்பரில் விடுதலையானார். நீதிமன்றத்தில் ஜெயிக்க முடியாது என்று அரசு புரிந்துகொண்டதும் நீதிமன்றத்தையே தவிர்த்தது: டிசம்பர் 16 அன்று விடியுமுன் போலீஸ் வீட்டுக்கு வந்து, மனைவியும் குழந்தையும் பார்த்திருக்க, அவரை வண்டியில் ஏற்றி, தெற்கு டிரோலில் பிரிக்ஸன் ஊருக்குக் கொண்டுபோய் வைத்தது. 1855இல் திரும்பி வந்தபோது மனைவி காசநோயில் இறந்துபோயிருந்தார். மறு ஆண்டு அவரும் போனார். இவரைக் கோழை என்று நீ சொல்ல மாட்டாய். பின்னாளில் இளைய செக்குகள் எனப்பட்ட கட்சிக்குத் தலைவரான கரெல் ஸ்லாட்கோவ்ஸ்கிக்கு 1849 சதி வழக்கில் மரண தண்டனை விதித்து, பிறகு 20 ஆண்டுச் சிறையாகக் குறைத்தார்கள். 1857இல்தான் வெளியே வந்தார். அக்கட்சியின் பிற்காலத் தலைவர்கள் கிரமார்ஷ், ரஷீன் இருவரும் முதல் உலகப் போரின் நடுவே 1916இல் தூக்குத் தண்டனை பெற்றவர்கள். புதிய பேரரசர் கார்லின் பொதுமன்னிப்பால் பிழைத்தார்கள்.

அப்படியானால் குறைந்தது எது? அவர்கள் எப்போதும் “முழுத் தேசத்தின் சார்பில்” பேசினார்கள். யாருடைய சார்பில் என்று கேட்டால், அந்த ஒரு பதிலைத் தவிர வேறு பதில் அவர்களிடம் இல்லை. வழக்கறிஞர்கள், டாக்டர்கள், பேராசிரியர்கள், மதுவடிப்பாலை முதலாளிகள், ஒரு நாளிதழ்: இவ்வளவுதான் கட்சி. ஜெர்மன் ஆட்சிமொழிக்கு எதிராகச் செக் மொழிக்கு இடம் கேட்கும் வரையில் இது போதுமானதாக இருந்தது. வயலில் கோதுமை விலை விழும்போதும் ஆலையில் கூலி குறையும்போதும் போதவில்லை.

இதன் விதை 1848லேயே விழுந்துவிட்டது. வரலாற்றாசிரியர் பலாட்ஸ்கியை ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு அழைத்தார்கள், ஜெர்மானிய ஒன்றியத்தின் அரசியலமைப்பை எழுத. அவர் ஏப்ரல் 11 அன்று மறுத்து எழுதினார்: நான் ஜெர்மானியன் அல்லன், ஸ்லாவ் இனத்தைச் சேர்ந்த போஹீமியன், ஆஸ்திரியப் பேரரசு என்று ஒன்று இல்லாதிருந்தால் ஐரோப்பாவின் நன்மைக்காக அதை நாமே உருவாக்க வேண்டியிருந்திருக்கும். சிறிய இனங்கள் ரஷ்யாவுக்கும் ஜெர்மனிக்கும் நடுவில் நசுங்காமலிருக்க ஒரு கூட்டாட்சி வேண்டும் என்பதே அவர் கணக்கு. அந்த ஆண்டே பேரரசின் நாடாளுமன்றம் குடியானவர்கள் பிரபுக்களுக்குச் செய்துவந்த கூலியில்லாக் கட்டாய உழைப்பை ஒழித்தது. குடியானவன் தனக்கு வேண்டியதைப் பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனான். நாடாளுமன்றம் கிரோம்யெர்ஷீஷ் என்ற ஊருக்கு மாற்றப்பட்டு, 1849 மார்ச்சில் கலைக்கப்பட்டபோது அதைக் காக்க எந்தக் கிராமமும் எழவில்லை. அங்கேதான் முப்பது வயதான செக் அரசியல்வாதி ரீகர், அரசின் அதிகாரம் அனைத்தும் மக்களிடமிருந்தே பிறக்கிறது என்ற விதிக்காக வாதாடினார். அதே ரீகர் 1897இல் பிரபுப் பட்டம் வாங்கிக்கொண்டார். நீ இங்கே சிரிப்பாய் என்று தெரியும், சிரித்துக்கொள்.

இப்போது உன் வெளிநடப்பு. 1860களில் அரசியல் மறுபடி திறந்தது. 1861 ஜனவரி 1 அன்று “நாரோத்னி லிஸ்டி” நாளிதழ் தொடங்கியது. யூலியுஸ் கிரேகர் நடத்தினார். பலாட்ஸ்கியும் அவர் மருமகன் ரீகரும் தலைமை தாங்கிய தேசியக் கட்சி, போஹீமிய நிலப்பிரபுக்களோடு கைகோத்தது. பழைய முடியாட்சி உரிமைகளைக் கொண்டுவந்து அவற்றின்மேல் நவீன சுயாட்சியைக் கட்டலாம் என்பது திட்டம். 1863 முதல் 1879 வரை அவர்கள் வியன்னா நாடாளுமன்றத்துக்குப் போகவில்லை. 1867இல் பேரரசர் ஹங்கேரியருக்கு மட்டும் சமபங்கு கொடுத்ததும் கோபம் முற்றிப் பிராக் சட்டமன்றத்தையும் விட்டு வெளியேறினார்கள். வராத உறுப்பினரின் பதவி பறிபோகும், இடைத்தேர்தல் வரும், அவரே மறுபடி ஜெயிப்பார், மறுபடி போகமாட்டார். இந்தச் சுற்று வருடக்கணக்கில் ஓடியது. அதே 1867இல் பலாட்ஸ்கியும் ரீகரும் ரஷ்யாவுக்குப் போய் ஜாரைச் சந்தித்துத் திரும்பினார்கள். நான்கு ஆண்டுக்கு முன் போலந்துக் கிளர்ச்சியை நசுக்கிய அதே ஜார்! சுதந்திரம் பேசுகிறவர்கள் செய்கிற வேலையா என்று கேட்கத்தான் தோன்றுகிறது. ஆனால் சும்மா இருந்துவிட்டார்கள் என்று மட்டும் நினைத்துவிடாதே. 1868 மே மாதம் ரீப் மலையில் தொடங்கி, திறந்தவெளியில் ஆயிரக்கணக்கானோர் கூடிய கூட்டங்களை நாடு முழுக்க நடத்தினார்கள். அரசு இராணுவத்தைக் கொண்டு தடுத்தது. வெளிநடப்பு என்பது வெறும் வெளிநடப்பு அல்ல. “நாங்கள் இல்லையென்றால் தேசம் இல்லை” என்ற உரிமைகோரல் அது. தங்களைத் தவிர இன்னொரு செக் கட்சி இருக்க முடியும் என்று நினைக்காதவர்கள்தான் அப்படிச் செய்ய முடியும்.

இன்னொரு கட்சி வந்தது. 1874இல் ஏழு பேர் தலைமையை மீறிச் சட்டமன்றத்தில் போய் உட்கார்ந்தார்கள். அந்த டிசம்பரிலேயே சுதந்திரச் சிந்தனைத் தேசியக் கட்சியைத் தொடங்கினார்கள். இளைய செக்குகள் என்ற பெயர் நிலைத்தது. பிரபுக்களோடும் பாதிரியார்களோடும் உள்ள கூட்டை உடை, உள்ளே போய் வாதாடு, எல்லோருக்கும் ஓட்டுரிமை கேள்: இதுதான் அவர்கள் கொள்கை. நாளிதழும் அவர்கள் கையில் இருந்தது. என்னைக் கேட்டால் உறுப்பினர் பட்டியலைவிட அந்தச் சந்தாப் பட்டியல்தான் உண்மையான கட்சி. ரீகரின் பழைய கட்சியினரான முதியவர்கள் 1879இல் வியன்னாவுக்குத் திரும்பி, ஆஸ்திரியப் பிரதமர் டாஃபேயின் ஆதரவாளர்களாகி, 1880இல் அலுவலக மொழி ஆணையையும் 1882இல் பிராக் பல்கலைக்கழகத்தின் செக் பிரிவையும் வாங்கிவந்தபோது, இளையவர்கள் அதை மேசையடியில் விழும் துணுக்குகளைப் பொறுக்கும் அரசியல் என்று கேலி செய்தார்கள். ஒரு பல்கலைக்கழகத்தைத் துணுக்கு என்று சொல்லும் வாய் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கேலி பலித்தது. வாக்குரிமைக்கான வரி வரம்பு 1882இல் 5 குல்டனாக (அப்போதைய ஆஸ்திரிய நாணயம்) குறைந்ததும் சிறு கடைக்காரனும் நடுத்தரக் குடியானவனும் வாக்காளர் ஆனார்கள். 1890இல் ரீகர் போஹீமியாவின் ஜெர்மானியரோடு ஓர் உடன்பாடு செய்தார், இளையவர்களைக் கூப்பிடாமலேயே. மறுவருடத் தேர்தலில் முதியவர்களின் கட்சி சரிந்து விழுந்தது. பிறகு எழவே இல்லை.

சுந்தரம், இந்த 1891 வெற்றியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். எல்லோரும் இளையவர்களின் கட்சியில் நுழைந்தார்கள்: பேராசிரியர் மசாரிக், பொருளாதார அறிஞர் கைஸ்ல், இளம் கிரமார்ஷ். ஆனால் மசாரிக் 1893லேயே பதவியைத் துறந்தார். ஜெயித்த கட்சிக்கு எதிர்ப்பைத் தவிர வேறு தொழில் தெரியவில்லை. பிறகு அது மெல்ல மெல்ல முதியவர்கள் செய்ததையே செய்தது. கைஸ்ல் 1898இல் நிதியமைச்சர் ஆனார். துணுக்கின் அளவு சற்றுப் பெரிது, அவ்வளவே. 1897இல் பிரதமர் பதேனி, போஹீமியாவின் அரசு அதிகாரிகளுக்கு இரு மொழியும் கட்டாயம் என்று ஆணையிட்டது அவர்களின் உச்ச வெற்றி. ஜெர்மானிய உறுப்பினர்கள் மேசைகளைத் தட்டியும் மணிக்கணக்கில் பேசியும் நாடாளுமன்றத்தையே முடக்கினார்கள்; நவம்பரில் பதேனி போனார், ஆணைகளும் 1899இல் போயின.

அந்த 1899இலேயே போல்னா ஊரில் ஒரு பெண்ணின் கொலைக்கு ஹில்ஸ்னர் என்ற யூதரைக் குற்றவாளியாக்கி, மதச் சடங்குக்காக இரத்தம் எடுத்தார் என்ற மூடக் கதையை ஊரெல்லாம் பரப்பினார்கள். மசாரிக் எழுந்து மறுத்தார். மாணவர்கள் அவர் வகுப்பில் கூச்சலிட்டு விரட்டினார்கள். சுதந்திரச் சிந்தனை என்று தலைப்பில் வைத்திருந்த கட்சி அவர் பக்கம் நிற்கவில்லை. கொலையுண்ட பெண்ணின் தாயார் சார்பில் வாதாடி அந்தக் கதையை ஊதிய வழக்கறிஞர் கரெல் பக்சா பிற்காலத்தில் பிராக் மேயராகப் பல ஆண்டுகள் இருந்தார். உன் குற்றச்சாட்டை நான் ஏற்பதாக இருந்தால் இந்த இடத்தில்தான் ஏற்பேன். வியன்னாவை எதிர்த்தவர்கள் தங்கள் சந்தாதாரரை எதிர்க்கப் பயந்தார்கள். தேசமே நாம் என்றவன் தேசத்தைப் பார்த்து “நீ சொல்வது தவறு” என்று எப்படிச் சொல்வான்? மசாரிக் அடுத்த ஆண்டு ஒரு கட்சி தொடங்கினார். 1907இல் அதற்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள்.

1907தான் முடிவான ஆண்டு. அனைத்து ஆண்களுக்கும் வாக்குரிமை வந்தது. கிரமார்ஷும் அதை ஆதரித்தவரே. வாக்களித்த செக் மக்களில் பெருங்கூட்டம் சமூக ஜனநாயகக் கட்சிக்குப் போனது, இடங்களில் விவசாயிகளின் கட்சி முந்தியது. தாங்கள் கேட்ட வாக்குரிமையாலேயே கட்சி சிறுத்துப்போனது. கேட்காமல் இருந்திருக்கலாமே என்று நீ சொல்லக்கூடும். கேட்டதுதான் எனக்கு அவர்கள்மேல் மரியாதை வரக் காரணம்.

போரில் பேரரசு சிதறி, செக்கோஸ்லோவாக்கியக் குடியரசு பிறந்தபோது 1918 நவம்பர் 14 அன்று கிரமார்ஷ் முதல் பிரதமர். எட்டு மாதத்தில் உள்ளாட்சித் தேர்தல் தோல்வியால் பதவி போயிற்று. நிதியமைச்சர் ரஷீன் செய்தது வேறு ரகம். 1919 பிப்ரவரி 25 அன்று இரவு நாடாளுமன்றத்தின் ரகசியக் கூட்டம்; எல்லைகள் மூடப்பட்டன; மார்ச்சில் மக்கள் கையிலிருந்த ஆஸ்திரிய நோட்டுகளைக் கொண்டுவந்து கொடுக்க, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு வில்லை ஒட்டித் திருப்பித் தந்தார்கள்; ஒரு கணிசமான பங்கை அரசு கடனாக நிறுத்திக்கொண்டது. வியன்னாவிலும் புடாபெஸ்ட்டிலும் பணம் குப்பையானபோது செக் கிரீடம் நிமிர்ந்து நின்றது இதனால்தான். பிறகு அந்த மனிதர் நாணயத்தின் மதிப்பை மேலும் உயர்த்துவதில் பிடிவாதமாக இருந்தார். ஏற்றுமதி படுத்தது, ஆலைகள் ஆட்களைக் குறைத்தன. நாட்டுக்காகப் பாடுபட்டதற்கு யாரும் கூலி கேட்கக் கூடாது என்ற பொருளில் பேசி, போரிலிருந்து திரும்பிய வீரர்களையும் பகைத்துக்கொண்டார். 1923 ஜனவரி 5 அன்று ஓர் இளைஞன் அவரைச் சுட்டான், பிப்ரவரியில் இறந்தார். கணக்குச் சரியாக இருந்தால் போதும், மனிதர்கள் தாமாகப் புரிந்துகொள்வார்கள் என்று நம்பிய தாராளவாதியை நீயும் நானும் நேரிலேயே பார்த்திருக்கிறோம். பெயர் வேண்டாம், அவர் மகன் இந்தக் கடிதத்தைப் படித்தாலும் படிப்பான்.

அதன் பிறகு கிரமார்ஷின் கட்சி வலதுபுறம் நழுவிக்கொண்டே போய் 1935 தேர்தலில் தீவிர தேசியவாதிகளோடு ஒரே அணியில் நின்றது. தேசம் என்ற சொல்லைத் தவிர கையில் ஒன்றுமில்லாதவர்கள் கடைசியில் அந்தச் சொல்லையே இன்னும் உரக்கச் சொன்னார்கள். பிராக் நகரைக் குனிந்து பார்க்கும் அவருடைய மாளிகை இப்போது பிரதமரின் அதிகாரபூர்வ இல்லம். கட்சிக்கு ஒரு சுவடும் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது அனுமதிக்கப்படவே இல்லை. எஞ்சிய தாராள மனத்தினர் ஜனாதிபதி பெனெஷின் தேசிய சோஷலிஸ்ட் கட்சியில் தஞ்சமானார்கள் (ஜெர்மனியில் அதே பெயரில் இருந்த பிசாசோடு இதைக் குழப்பிவிடாதே, நீ குழப்புவாய்). அக்கட்சியின் மிலதா ஹொராகோவாவை 1950 ஜூன் 27 அன்று கம்யூனிஸ்ட் அரசு தூக்கிலிட்டது. மறுபடியும் கேட்கிறேன், கோழைகளா?

1989இல் கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது உனக்குத் தெரியும். 1990 தேர்தலில், அந்த ஆட்சியைக் கவிழ்த்த இயக்கமான குடிமக்கள் மன்றம் ஒட்டிய வாசகம் இது: கட்சிகள் கட்சிக்காரர்களுக்கு, குடிமக்கள் மன்றம் எல்லோருக்கும். பலாட்ஸ்கி கையெழுத்திட்டிருப்பார்! மறு ஆண்டே மன்றம் உடைந்தது. கிளாவுஸின் வலதுசாரிக் கட்சி உறுப்பினர்களையும் கிளைகளையும் கட்டிக்கொண்டு 1992இல் ஜெயித்தது. டீன்ஸ்ட்பீரின் குடிமக்கள் இயக்கம், சிறைவாசம் அனுபவித்த கண்ணியமானவர்கள் நிறைந்த கட்சி, நாடாளுமன்றத்தில் நுழையத் தேவையான 5 சதவீதத்தைக்கூடத் தாண்டவில்லை. 1998இல் வந்த சுதந்திர ஒன்றியமும் சில ஆண்டுகளில் கரைந்தது. ஐரோப்பியத் தாராளவாத அணியில் உறுப்பினராக இருந்த, கோடீஸ்வரர் பாபிஷின் கட்சி 2024இல் அதை விட்டு ஹங்கேரியின் வலதுசாரித் தலைவர் ஓர்பானோடு சேர்ந்தது. அதைத் தாராளவாதக் கட்சி என்று அதன் எதிரிகளும் நண்பர்களும் ஒருபோதும் நம்பியிருக்க மாட்டார்கள்.

செக் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அங்கே ஸ்ட்ரான்ஸ்கி நடத்திய பிர்னோ நகரப் பத்திரிகையின் கதை தனியாக ஒரு கடிதம் கேட்கிறது. நீ சண்டைக்கு வந்தால் எழுதுகிறேன். ரீகரைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று மட்டும் ஒளிக்காமல் எழுது. எனக்கு அவர்மேல் எரிச்சலும் பரிவும் சரிபாதியாக இருக்கின்றன. தங்கைக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
கதிரேசன்