இரவில், சொல்லாமல் வாருங்கள்

மருத்துவச் சாதன உற்பத்திக்கு உரிமம் வழங்கும் மாநில அதிகாரிகளுக்கும், எங்கள் ஆலைகளைத் தணிக்கை செய்ய வருகிறவர்களுக்கும்,

வணக்கம்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் சிரிஞ்சும் ஊசியும் தயாரிக்கும் ஆலை ஒன்றில் இரவு ஷிப்டில் தரப் பரிசோதகராக வேலை செய்கிறேன். கோடை தொடங்கியதிலிருந்து, இரவு 10 மணிக்கு மேல் மோல்டிங் கூடத்துக்கும் அசெம்பிளி அறைக்கும் வடிகட்டிய குளிர்காற்றைத் தரும் ஏ.எச்.யு.வை நிறுத்திவிடுகிறார்கள். மின்கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்பது காரணம். கேட்டால் வருகிற பதில் இது: "பிளாஸ்டிக் 200 டிகிரிக்கு மேல் உருகித்தான் வருகிறது. அதில் எந்தக் கிருமி பிழைக்கும்? மிச்சம் இருந்தால் கடைசியில் ஈ.டி.ஓ. வாயு பார்த்துக்கொள்ளும்." பாக்கெட் போட்ட பிறகு கிருமி நீக்கச் செலுத்தும் எத்திலீன் ஆக்சைடைத்தான் ஈ.டி.ஓ. என்கிறார்கள்.

இந்தப் பதில் எவ்வளவு தவறு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மருந்து ஏறும் குழலான பேரலும், அதைத் தள்ளும் பிளஞ்சரும், ஊசியைத் தாங்கும் ஹப்பும் டையை, அதாவது வார்ப்பு அச்சை, விட்டு விழும்போது சூடாகத்தான் இருக்கின்றன. விழுந்த நொடியிலிருந்து கூடத்தின் காற்று, கன்வேயர், டிரே, எங்கள் கைகள் எல்லாம் அவற்றின் மேல் படுகின்றன. பிறகு அச்சு மை, சிலிகான் எண்ணெய், ரப்பர் கேஸ்கெட். ஊசியோ எங்கள் ஆலையில் டைக்குள் போவதே இல்லை. நோயாளியின் உடம்பில் இறங்கும் அந்த எஃகுக் குழாய் வெளியே முனை தீட்டப்பட்டு வந்து, இங்கே ஹப்பில் பசை வைத்து ஒட்டப்படுகிறது. மோல்டிங் சூட்டையே காணாத ஊசிக்கு மோல்டிங் சூட்டைக் காவலாகச் சொல்கிறார்கள்.

ஈ.டி.ஓ. வாயு கிருமியைக் கொல்லும், மறுக்கவில்லை. பிளிஸ்டர் பாக்கெட்டின் காகிதப் பக்கம் வழியாக உள்ளே போய், பத்து லட்சம் சிரிஞ்சில் ஒன்றுக்கு மேல் உயிருள்ள கிருமியோடு வெளியே போகாத அளவுக்குக் கொல்ல வேண்டும் என்பதுதான் கணக்கு. ஆனால் செத்த கிருமி விட்டுச் செல்லும் எண்டோடாக்சின் என்ற நச்சை அந்த வாயு அழிப்பதில்லை. ரத்தத்தில் கலந்தால் குளிர்காய்ச்சலும் நடுக்கமும் தருவது அதுதான். அதை அழிக்க 250 டிகிரி உலர்சூட்டில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். பாலிபுரோப்பிலீன் 160ஐத் தாண்டினாலே உருகத் தொடங்கிவிடும். ஆகவே எண்டோடாக்சின் ஒருமுறை ஏறிவிட்டால் அதை இறக்க எங்களிடம் வழி கிடையாது. ஏறவிடாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே வழி.

அது ஏறுவதற்கான எல்லா வசதியும் இரவில் செய்து கொடுக்கப்படுகிறது. டையைக் குளிர்விக்கும் சில்லர் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். ஏ.எச்.யு. நின்ற கொஞ்ச நேரத்தில் கூடம் புழுங்கத் தொடங்கும். டையின் முகத்தில் நீர் முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளும். பேரலில் தண்ணீர்த் தடம் விழுந்தால் ரிஜெக்ட் ஆகும் என்பதால், ஆபரேட்டர் மெஷினை நிறுத்திக் கதவைத் திறந்து பனியன் வேஸ்ட் துணியால் துடைக்கிறார். ஹைட்ராலிக் எண்ணெய்க் கசிவைத் துடைத்ததும் அதே துணிதான். ஈரத்தில் வளரும் கிருமிகள்தாம் எண்டோடாக்சினைக் கொட்டுகிறவை.

அசெம்பிளி அறையில் நிலைமை இன்னும் மோசம். தலையுறை, முகக்கவசம், கழுத்துவரை மூடிய அங்கி, கையுறை, இவ்வளவும் போட்டுக்கொண்டு காற்றில்லாத அறையில் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே தண்ணீர் குடிக்க முடியாது. வெளியே போய்வர அங்கியைக் கழற்றி, கை கழுவி, மறுபடி மாட்ட வேண்டும். அந்த நேரத்துக்கு எண்ணிக்கை குறைந்தால் திட்டு. சென்ற வாரம் ஒரு தங்கையின் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டி ஹப் டிரேயில் விழுந்ததைப் பார்த்தேன். டிரேயை எடுத்து ஒதுக்கிவைத்தேன். "ஈ.டி.ஓ. கேஸுக்குத்தானே போகப்போகிறது" என்று சூப்பர்வைசர் அதைத் திரும்ப லைனில் வைத்தார். அந்தப் பெண் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அவள் எதற்குக் கேட்க வேண்டும்? இந்த மடலை எழுத வைத்தது அந்த மன்னிப்புத்தான்.

இரவில், சொல்லாமல் வாருங்கள் என்று கேட்கிறேன்.

2017ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனங்கள் விதிகளின் ஐந்தாம் அட்டவணை உற்பத்திச் சூழலைப் பற்றியும்தான் பேசுகிறது. அந்தச் சூழல் உங்கள் தணிக்கை நாளில் பளபளவென்று இருக்கும். நாள் முன்பே தெரிந்துவிடுவதால் தரைக்குப் புதிய பூச்சு வரும், எங்களுக்குப் புதிய அங்கி வரும். சோதனைக்குப் போகும் மாதிரிகள் பகல் ஷிப்டில் எடுத்தவை. டெண்டரில் ஒரு சிரிஞ்சுக்குச் சில பைசா குறைத்துக் கேட்கிறவருக்கே ஆர்டர் என்றால், அந்தப் பைசாவை எங்கிருந்து எடுப்பார்கள் என்று கொள்முதல் செய்கிறவர்கள் யோசிக்க மாட்டார்களா? கடைசியில் வார்டில் நோயாளிக்கு நடுக்கம் வந்தால் மருந்தைச் சந்தேகிப்பார்கள், இல்லையென்றால் செவிலியரை. சாதனங்களால் வரும் பாதிப்பைப் பதிவு செய்ய 2015இல் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் தொடங்கப்பட்டது. சிரிஞ்சைக் குப்பையில் போட்ட பிறகு எதை வைத்து அந்தச் செவிலியர் புகார் எழுதுவார்?

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது பெரிதில்லை. இரவில், சொல்லாமல் வாருங்கள். நள்ளிரவுக்கும் விடியற்காலை 4 மணிக்கும் இடையில் வாருங்கள். டையின் முகத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஏ.எச்.யு. ஓடிய மணிக்கணக்கை அதன் மீட்டரில் படித்து, பதிவேட்டில் எழுதியிருப்பதோடு ஒப்பிடுங்கள். அந்த இரவில் செய்த சிரிஞ்சுகளிலிருந்து உங்கள் கையாலேயே மாதிரி எடுத்து எண்டோடாக்சின் சோதனைக்கு அனுப்புங்கள்.

எங்கள் ஆலைக்கு மட்டும் இல்லை, உங்கள் உரிமம் பெற்ற எல்லா ஆலைகளுக்கும் இப்படிப் போக வேண்டும் என்று தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன். குறை கண்டுபிடித்தால் துணியைப் பிடித்திருந்த ஆபரேட்டர் மேலும் டிரே முன்னால் உட்கார்ந்திருந்த பெண் மேலும் எழுதிவிட்டுப் போய்விடாதீர்கள். ஏ.எச்.யு.வை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவரைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
இரவு ஷிப்ட் தரப் பரிசோதகர்