கோரா ஸ்டான்டனின் வயது மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயதைத் தாண்டி ஆடிய வீராங்கனைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் அயர்லாந்தின் கோரா ஸ்டான்டனுக்கும் ஒரு பத்தி கொடுத்திருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் 40 வயதில் ஆஸ்திரேலிய மகளிர் கால்பந்து லீக்கில் (இது சாக்கர் அல்ல, நீள்வட்டப் பந்தால் ஆடும் ஆட்டம்) ஆடிய அதிசயம் என்பதோடு அவரை முடித்துவிட்டது எனக்கு மனக்குறைதான்.

1995-ல் 13 வயதிலேயே மேயோ கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) அணிக்கு, பந்தைக் கையாலும் காலாலும் ஆடும் அயர்லாந்தின் கேலிக் கால்பந்து ஆட வந்தவர் அவர். கவுன்டி அணிகள் மோதும் 1999 அகில அயர்லாந்து இறுதிப்போட்டிக்குச் சில நாட்கள் முன்பு அவருக்குக் கழுத்தெலும்பு உடைந்தது. அப்படியும் அணி அவரைத் தொடக்க வரிசையில் நிறுத்தி, ஆட்டம் தொடங்கியதும் வெளியே அழைத்துக்கொண்டது. மேயோ அன்று கோப்பையை வென்றது. 2000, 2002, 2003 ஆண்டுகளிலும் வென்றது. ஆண்டின் சிறந்த வீராங்கனைகளுக்கான ஆல் ஸ்டார் விருது மட்டும் அவருக்கு 11 முறை.

இத்தனைக்கும் சம்பளம் என்று ஒரு யூரோகூடக் கிடையாது. கேலிக் விளையாட்டுகளில் ஆண்களும் சம்பளமில்லாமல்தான் ஆடுகிறார்கள், உண்மை. ஆனால் பயணச் செலவு, பிசியோதெரபி போன்ற அடிப்படை வசதிகளில் பெண்கள் பின்தங்கியே இருந்தார்கள். அதற்காக 2023 ஜூனில் கவுன்டி வீராங்கனைகள் எதிர்ப்பு தெரிவித்தபடியே ஆட வேண்டியதாயிற்று.

ஆஸ்திரேலிய மகளிர் லீக் 2017-ல்தான் பிறந்தது. இங்கே மெல்பர்னில் நடந்த முதல் ஆட்டத்துக்கு 24,000-க்கும் மேற்பட்டோர் வந்து குவிந்ததில் மைதானக் கதவையே மூடிவிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் சிட்னியின் ஜயன்ட்ஸ் கிளப் ஸ்டான்டனை எடுத்தது. 2018-ல் களமிறங்கியபோது அவருக்கு வயது 36. அதுவரை உருண்டைப் பந்தில் ஆடிய கால்கள், நீள்வட்டப் பந்துக்குப் பழக வேண்டியிருந்தது. அயர்லாந்தில் பெண்கள் ஆட்டத்தில் எதிராளியை உடம்போடு பிடித்துச் சாய்ப்பது விதிமீறல். இங்கே ஆட்டமே அதுதான்! 2019-ல் கால் எலும்பு உடைந்தும் அடுத்த பருவத்துக்குத் திரும்பினார். பல பருவங்களில் ஜயன்ட்ஸுக்கு அதிக கோல் அடித்தவரும் அவரே. 2023-ல்தான் ஓய்வை அறிவித்தார்.

அந்தத் திறமை அவருக்கு 20 வயதிலும் இருந்ததே! அப்போது அதற்குக் காசு கொடுக்க எந்த லீக்கும் இல்லை. 40 வயதில் எப்படி ஆடினார் என்று வியக்கிற நாம், 35 வயது வரை அவருக்கு ஏன் ஓர் ஒப்பந்தம்கூடக் கிடைக்கவில்லை என்று கேட்பதில்லை. நான் இந்தக் கடிதத்தை எழுதுவதே அதற்காகத்தான்.

அவருக்கு முன்பே 2017-ல் கேவன் கவுன்டியைச் சேர்ந்த லாரா டுர்யே மெல்பர்ன் அணிக்கு ஆடினார். அப்புறம் வந்தவர்களில் கிளேர் கவுன்டியின் எய்லிஷ் கான்சிடின் 2019-ல் அடிலெய்டுடனும், டிப்பரரியின் ஓர்லா ஓடுவயர் 2021-லும் 2023-லும் பிரிஸ்பேனுடனும் கோப்பை வென்றார்கள். நல்ல வீராங்கனைகளையெல்லாம் ஆஸ்திரேலியா அள்ளிக்கொண்டு போகிறதே என்று அயர்லாந்தில் வருந்துகிறார்கள். 2022-ல் லீக் பருவம் அயர்லாந்துப் பருவத்தோடு உரசும்படி ஆகஸ்டுக்கு மாறியதிலிருந்து கவுன்டி அணிகளுக்கு நெருக்கடி கூடியிருப்பதும் நிஜம். ஆனாலும் போகிற பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூலி கொடுக்கும் இடத்துக்கு உழைப்பவர் போவதில் என்ன தவறு?

இங்கேயும் எல்லாம் சொர்க்கம் இல்லை. தொடக்கத்தில் ஒப்பந்தங்கள் பகுதிநேரமாகவே இருந்ததால் பலர் வேறு வேலையும் பார்த்தார்கள். கார்க் கவுன்டியோடு 11 முறை அகில அயர்லாந்துப் பட்டம் வென்ற பிரீட் ஸ்டாக், 2021-ல் ஜயன்ட்ஸுக்காகப் பயிற்சி ஆட்டம் ஒன்றில் இறங்கி, மோதலில் கழுத்து முள்ளெலும்பு முறிந்து தப்பியது பெரிய விஷயம். கைக்கு வரும் பணத்தோடு இந்த ஆபத்தையும் சேர்த்துத்தான் அந்தப் பெண்கள் கணக்குப் போடுகிறார்கள்.

அடுத்த முறை உங்கள் பக்கத்தில் மகளிர் விளையாட்டு வரும்போது வயதையும் சாதனையையும் எழுதுங்கள், சரி. அந்த வீராங்கனைக்கு என்ன ஊதியம், ஒப்பந்தம் எத்தனை மாதம், காயம்பட்டால் செலவு யார் பொறுப்பு என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, மெல்பர்ன்