ஹவாயின் ஹீலோ நகரில் நடந்த எங்கள் விழாவுக்குக் கைகொடுத்த அனைவருக்கும் நன்றி மடல்

மதிப்பிற்குரிய பெரியோர்களே, அண்டை வீட்டாரே, ஹவாயின் மரபு நடனமான ஹூலாவைக் கற்கும் பிள்ளைகளின் பெற்றோர்களே,

விழாவுக்கு முந்தைய வாரம் எங்கள் ஹூலா பள்ளிக்கு நேர்ந்ததை நீங்கள் அறிவீர்கள். அதை மீண்டும் எழுத மனம் வரவில்லை. அதற்குப் பிறகும் விழா நடந்தது, பிள்ளைகள் ஆடினார்கள்.

கூடத்தைத் துப்புரவு செய்தவர்களுக்கும், சுரைக்குடுவை மேளங்களை இரவல் தந்த பிற ஹூலா பள்ளிகளுக்கும், நிலத்தடி அடுப்பில் இறைச்சி வேகவைத்துச் சேப்பங்கிழங்குக் கூழோடு எல்லோருக்கும் பரிமாறியவர்களுக்கும் எங்கள் மனமார்ந்த வணக்கம்.

ஒரு பெரியவரைப் பற்றி மட்டும் தனியே சொல்ல வேண்டும். விழாவுக்கு முந்தைய நாள் விடியலில் அவர் குளிர்ப்பெட்டிகளை எங்கள் வாசலில் இறக்கிவைத்தார். உள்ளே, நடுநரம்பு நீக்கி, உறையவைத்து, முறுக்குவதற்கேற்ற பதத்தில் நெகிழ்ந்திருந்த, கீ என்னும் செடியின் இலைகள். ஓஹியா மரங்களைப் பூஞ்சை நோய் கொன்றுவரும் இக்காலத்தில் காட்டிலிருந்து அம்மரத்தின் பூவான லெஹுவாவைப் பறிப்பதை நாங்கள் தவிர்ப்பதால், மாலைகளுக்கு இந்த இலையையே நம்பியிருந்தோம். அவர் ஹூலா ஆடியவர் அல்லர். எங்கள் பள்ளியில் அவருடைய பேரப்பிள்ளைகளும் இல்லை. இலையைக் கால் பெருவிரலில் மாட்டி இரு புரிகளாக இறுக முறுக்கும் முறையைப் பிள்ளைகளுக்குப் பொறுமையாகக் காட்டிக்கொண்டே, தம் தாயார் பள்ளியில் ஹவாய் மொழி பேசியதற்காக அடிவாங்கியதையும், அந்த அச்சத்தால் தம்மிடம் அம்மொழியில் பேசாமலே இருந்துவிட்டதையும் சொன்னார். தாயாரிடமிருந்து தமக்குக் கிடைத்தது இந்தக் கைவேலை மட்டுமே என்றார்.

பள்ளிகளில் ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாக்கிய 1896-ஆம் ஆண்டுச் சட்டத்தை நாங்கள் பாடமாகப் படித்திருக்கிறோம். அது ஒரு வீட்டில் என்ன செய்தது என்பதை அன்றுதான் அறிந்தோம். 1960-இல் ஆழிப்பேரலை சிதைத்த இந்நகரை ஊக்குவிக்க 1963-இல் பிறந்தது மெர்ரி மோனார்க் விழா. ஹூலாவுக்கு மீண்டும் அரசவை மதிப்பளித்த ஹவாய் மன்னர் கலாகௌவாவைப் போற்றும் அவ்விழா இன்று உலகறிந்தது. அந்த மேடையை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம். ஆயினும், இலையைப் பதப்படுத்தத் தெரிந்த கைகள் இல்லாவிட்டால் எந்த மேடையாலும் இக்கலையைக் காக்க முடியாது என்றே நான் நம்புகிறேன்.

ஆகவே, கூடத்தைச் சுற்றிக் கீ செடிகளை வளர்ப்பதென்றும், இலை பறிக்குமுன் அனுமதி வேண்டிப் பாடும் பாடலை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஹவாய் மொழியிலேயே கற்பிப்பதென்றும் உறுதிபூண்டுள்ளோம். முதல் பாடத்தைக் கேட்க அப்பெரியவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வர இயன்றோர் உங்கள் தோட்டத்துக் கீ தண்டில் ஒரு துண்டு வெட்டிக் கொண்டுவாருங்கள், நட்டால் வேர்விடும்.

நன்றியுடன்,
விழாக் குழுவின் சார்பில்