பெயர் ஓடி மறையும் நடிகர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

1944-இல் பிறந்து, இந்திய விமானப்படையில் பத்தாண்டுகள் பணியாற்றி, டெல்லியில் நாடக மேடையேறி, அந்த ஊரின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு, கே. பாலசந்தரின் இயக்கத்தில் திரைக்கு வந்த டெல்லி கணேஷ், 2024 நவம்பரில் தமது 80-ஆம் வயதில் மறைந்தபோது, நான் படித்த இரங்கல் செய்திகள் பெரும்பாலும் ‘நானூறுக்கும் மேற்பட்ட படங்கள்’ என்ற எண்ணிக்கையோடு நின்றுவிட்டன. ‘பசி’ படத்தின் ரிக்‌ஷாக்காரரை அந்த எண்ணிக்கையில் எங்கே தேடுவது? ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) படத்தில் பாலக்காட்டுச் சமையற்காரராக வரும் அவர், கல்யாணச் சாம்பாரில் மீன் விழுந்தது தெரிந்ததும் படும் பதற்றத்தில் சிரிப்பும் பரிதாபமும் ஒருசேர வரும். அதற்கு முந்தைய ஆண்டுதான் ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் அவர் ஈவிரக்கமற்ற வில்லன். சின்னத்திரைத் தொடர்களிலும் (அங்கே நல்ல வசனம் அமைவது அரிது என்பது என் எண்ணம்) அவர் அதே கவனத்துடன் நடித்தார்.

தொலைக்காட்சிகள் பழைய படங்களை ஒளிபரப்பும்போது பெயர்ப்பட்டியலை வெட்டிவிடுவதால், இத்தகையவர்களின் பெயர்கூடப் புதிய தலைமுறைக்குத் தெரிவதில்லை. மூத்த குணச்சித்திர நடிகர்களை, அவர்கள் நம்மிடையே இருக்கும்போதே, விரிவாகப் பேட்டி கண்டு தாங்கள் தொடராக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்